வள்ளத்துக்கு நீர் புகாத பற்றரி சார்ஜர்: யாழ்ப்பாணக் கரைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குருநகர், பாசையூர், நாவாந்துறை, மாதகல், மயிலிட்டி, பருத்தித்துறை என்று எந்தக் கரைக்குப் போனாலும் இப்போது வள்ளத்துக்கு ஒரு 12 வோல்ற் பற்றரியாவது இருக்கிறது. ஜிபிஎஸ், மீன் காட்டும் கருவி, லைற், தண்ணீர் இறைக்கும் பம்ப், சில எஞ்சின்களுக்கு ஸ்ராட்டர் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. எல்லைக் கோடு கிட்ட இருக்கிற கடலில் நடுச்சாமத்தில் ஜிபிஎஸ் அணைந்துபோவது சின்ன விசயம் இல்லை. பற்றரிக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவர்கள் சார்ஜரை மட்டும் கையில் அகப்பட்டதை வாங்குகிறார்கள். வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை வாசியுங்கள்.

என் வள்ளத்துக்கு நீர் புகாத சார்ஜர் கட்டாயம் தேவையா?

முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: எங்கே வைத்துச் சார்ஜ் போடுகிறீர்கள்? மற்ற எல்லாம் இந்தப் பதிலில் தங்கியிருக்கிறது.

18 அடி, 20 அடி பைபர் வள்ளம், காலையில் கரைக்கு வந்ததும் பற்றரியைக் கழற்றிச் சைக்கிளிலோ ஓட்டோவிலோ வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் ஐபி 67, ஐபி 68 (தூசியும் தண்ணீரும் புகாத தரத்தைக் காட்டும் இலக்கங்கள்) எதுவும் வேண்டாம். வீட்டுக்குள் வேலை செய்யும் நல்ல தானியங்கிச் சார்ஜர் போதும். மிச்சக் காசை பற்றரியில் போடுங்கள்.

கரையில் இருக்கிற வாடியில் வைத்துச் சார்ஜ் போடுகிறவர்களின் கதை வேறு. அங்கே மழைத் தூவானமும் உப்புக் காற்றும் மணலும் உண்டு. ஈரக் கையோடு தொடுகிறவர்களும் உண்டு. அங்கே ஐபி 65 என்பது குறைந்தபட்சம்.

சார்ஜரை வள்ளத்திலேயே பொருத்தி வைக்க வேண்டியவர்கள், அதாவது குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஓடும் பயணிகள் படகுக்காரர், மயிலிட்டியில் கட்டும் பலநாள் படகுக்காரர், உல்லாசப் பயணிகளை ஏற்றுகிறவர்கள், இவர்களுக்குத்தான் ஐபி 67 அல்லது 68 உண்மையில் தேவை. இங்கே பற்றரிகள் கனமானவை, ஒன்றுக்கு மேற்பட்டவை. தினமும் கழற்றித் தூக்க முடியாது.

ஐபி 65, 67, 68 என்று போட்டிருக்கிறதே, கூடிய இலக்கம் என்றால் கூடிய பாதுகாப்புத்தானே?

முழுக்க அப்படி இல்லை. முதல் இலக்கமான 6, தூசி உள்ளே போகாது என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கு. 5 என்றால் ஒரு குழாயிலிருந்து நிமிடத்துக்குப் பன்னிரண்டரை லீற்றர் அளவில் பீச்சியடித்தாலும் தாங்கும். 6 என்றால் நிமிடத்துக்கு 100 லீற்றர், பலமான பீச்சல். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் அமிழ்த்திப் பார்த்திருக்கிறார்கள். 8 என்பது அதைவிடக் கடுமையான அமிழ்த்தல். எத்தனை மீற்றர், எவ்வளவு நேரம் என்பதைச் செய்த நிறுவனமே சொல்லும்.

அமிழ்த்திப் பார்ப்பதும் பீச்சிப் பார்ப்பதும் இரண்டு வேறு சோதனைகள். ஐபி 67 மட்டும் போட்ட பெட்டி, பீச்சலைத் தாங்குமென்று சோதிக்கப்பட்டதாக ஆகாது. சோளகக் காற்றுக் காலத்தில் அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தில், வந்து அடிக்கும் அலை, தொட்டியில் அமிழ்த்துவது மாதிரி இருக்காது, பீச்சியடிப்பது மாதிரித்தான் இருக்கும். அலை நேரே அடிக்கக்கூடிய இடத்தில் பொருத்துகிறீர்கள் என்றால் 66-உம் 67-உம் சேர்த்துப் போட்டதைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் அலை படாத இடத்தில் பொருத்துங்கள். இரண்டாவதுதான் எப்போதும் மலிவான வழி.

இன்னொன்று. இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில் செய்யப்படுகின்றன, உப்புத் தண்ணீரில் செய்யப்படுவதில்லை. அத்தோடு அந்த இலக்கம் பெட்டிக்கு மட்டும்தான். வயரின் நுனியில் இருக்கும் பிளக்குக்கும் பற்றரியில் பூட்டும் வளையத்துக்கும் அது பொருந்தாது. செத்துப்போன நீர் புகாத சார்ஜர் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெட்டிக்குள் பிசின் வார்த்து இறுக்கியிருப்பார்கள், ஒரு சொட்டு ஈரம் இருக்காது. பிளக்கைத் திறந்தால் பித்தளைக் கால்களைச் சுற்றி பச்சைக் களிம்பு மா மாதிரி உதிரும், செப்புக் கம்பி கறுத்து, தொட்டால் முறியும். எங்கள் கரையில் சார்ஜர் சாவது பெரும்பாலும் நுனியில்தான்.

காற்றாடி வைத்த சார்ஜர் கூடாது என்கிறார்களே?

கடலுக்குக் கூடாது. காற்றாடி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. நீர் புகாத சார்ஜர்களில் காற்றாடி இருப்பதில்லை. சூடு பெட்டியின் உலோகச் செட்டைகள் வழியாக வெளியேறும். அதனால் அவை பாரமாகவும் தொட்டால் சுடுவனவாகவும் இருக்கும். அது பழுது இல்லை.

கடையில் கிடைக்கும் இரும்புப் பெட்டிச் சார்ஜர் காணாதா? அப்பா காலத்திலிருந்து அதைத்தானே பாவிக்கிறோம்.

ஊசி ஆடும் மீற்றரும் சிவப்பு, கறுப்புக் கிளிப்பும் வைத்த அந்தப் பெட்டியைத்தான் சொல்கிறீர்கள். உள்ளே ஒரு ட்ரான்ஸ்போமரும் டயோட்டும் மட்டும் இருக்கும். பற்றரி நிறைந்துவிட்டது என்று அதற்குத் தெரியாது. விட்டுவிட்டுப் போனால் 15, 16 வோல்ற் வரைக்கும் ஏற்றிக்கொண்டே இருக்கும். பற்றரிக்குள் தண்ணீர் கொதிப்பது போல ஓசை கேட்கும், அழுகிய முட்டை மணம் வரும். அந்த மணம் வந்தால் உடனே சுவரிலுள்ள சுவிச்சை நிறுத்திவிட்டுக் கதவைத் திறவுங்கள். கிளிப்பை முதலில் கழற்றப் போக வேண்டாம், பொறி பறக்கும்.

பக்கத்தில் நின்று கவனிக்கிற ஆள் இருந்தால், மூடி திறந்து தண்ணீர் விடுகிற பற்றரிக்கு அந்தப் பெட்டி ஒப்பேறும். மூடிய பற்றரிகளுக்கு அது ஆகவே ஆகாது. போன தண்ணீரைத் திரும்ப விட அவற்றில் வழி இல்லை.

தானியங்கிச் சார்ஜர் மூன்று கட்டமாக வேலை செய்யும். முதலில் தன் முழு அம்பியரையும் கொடுக்கும். வோல்ற் உச்சத்துக்கு வந்ததும் அதை அப்படியே பிடித்துக்கொண்டு அம்பியரை மெல்லக் குறைக்கும். கடைசியில் 13.5 வோல்ற் அளவுக்கு இறங்கி, நிறைந்த பற்றரியை நிறைந்தபடியே வைத்திருக்கும். இரவு செருகிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம்.

எத்தனை அம்பியர் சார்ஜர் வாங்குவது?

ஈயப் பற்றரிக்கு அதன் கொள்ளளவான அம்பியர்-மணி இலக்கத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை. 70 அம்பியர்-மணி பற்றரிக்கு 7 முதல் 14 வரை, 100-க்கு 10 முதல் 20 வரை.

இதை உங்கள் தொழிலோடு வைத்துப் பாருங்கள். இரவுத் தொழிலுக்குப் போகிற ஒரு வள்ளம். ஜிபிஎஸ்ஸும் மீன் காட்டும் கருவியும் சேர்ந்த ஒன்று ஏறத்தாழ 1 அம்பியர் எடுக்கும், 12 மணி நேரத்துக்கு 12 அம்பியர்-மணி. எல்இடி லைற்றுகளுக்கு ஒரு 6 வையுங்கள். வயர்லெஸ் பேசும்போது 5, 6 அம்பியர் இழுத்தாலும் பேசுவது கொஞ்ச நேரம்தான். கேட்டுக்கொண்டிருப்பதையும் சேர்த்து 6. பம்ப் இடைக்கிடை ஓட இன்னும் 3. மொத்தம் 27. எழுபதில் இருபத்தேழு போனால் பற்றரி பாதிக்கு மேல் நிறைந்தே இருக்கிறது, நல்லது. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும்.

இப்போது 10 அம்பியர் சார்ஜர். கணக்குப்படி மூன்று மணி நேரம் போதுமே என்று தோன்றும். போதாது. கடைசி இருபது வீதத்தைப் பற்றரி மெதுவாகத்தான் வாங்கும். ஐந்தாறு மணி நேரம் என்று வையுங்கள். காலை ஏழு மணிக்குக் கரை வந்து பின்னேரம் திரும்ப இறங்குகிற ஆளுக்கு அது சரியாக வரும். 5 அம்பியர் என்றால் இழுபறி. முழுக்க நிறையாமல் திரும்பத் திரும்பக் கடலுக்குப் போகிற பற்றரியின் தகட்டில் சல்பேற் படிந்து இறுகும். கரையில் சீக்கிரமாகச் சாகிற பற்றரிகளில் பல இப்படித்தான் சாகின்றன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நாங்கள் திட்டிக்கொண்டிருப்போம்.

பயணிகள் படகில் 200 அம்பியர்-மணி இருந்தால் 25 அம்பியருக்குக் குறையாதீர்கள்.

கரண்ட் பில் கூடுமா?

50 அம்பியர்-மணி திரும்ப ஏற்ற, விரயத்தையும் சேர்த்து ஒரு அலகுக்குக் குறைவாகத்தான் வரும்.

பற்றரி வகைக்கு ஏற்ற சார்ஜர் என்கிறார்கள். எல்லாம் 12 வோல்ற்தானே?

12 என்பது பெயர். ஏற்றும்போது உச்சம் எவ்வளவு என்பதுதான் வித்தியாசம். தண்ணீர் விடும் பற்றரிக்கு 14.4 முதல் 14.8 வரை. அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் ஏஜிஎம் வகைக்கு 14.4 முதல் 14.7 வரை. அமிலம் களியாக இருக்கும் ஜெல் வகைக்கு 14.1, 14.2-உடன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் ஜெல்லுக்குள் குமிழி விழுந்து திரும்பாது. லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுக்கு 14.2 முதல் 14.6. பற்றரியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் சரியான இலக்கம் இருக்கும். அந்தத் தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு சார்ஜர் வாங்கப் போங்கள். உப்புத் தண்ணீரில் முதலில் அழிவது அந்தத் தாள்தான்.

லித்தியத்துக்கு மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: சில சார்ஜர்களில் பழைய ஈயப் பற்றரியை மீட்கவென்று 16 வோல்ற் வரை போகும் ஒரு முறை உண்டு. லித்தியத்துக்கு அதை ஒருநாளும் போடக்கூடாது. லித்தியத்துக்கென்று தனி முறை இருக்கிற சார்ஜர்தான் வேண்டும்.

எங்கள் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த வோல்ற் இலக்கங்கள் 25 பாகை வெப்பத்துக்குச் சொல்லப்பட்டவை. ஈயப் பற்றரிக்கு ஒவ்வொரு பாகை கூடும்போதும் ஏறத்தாழ 0.02 வோல்ற் குறைக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் வள்ளத்துப் பெட்டிக்குள் 40 பாகை இருந்தால் 0.3 வோல்ற் குறைய வேண்டும், 14.4 இருக்க வேண்டிய இடத்தில் 14.1. வெப்பம் பார்த்துத் தானாகக் குறைக்கும் சார்ஜர்கள் இருக்கின்றன. குளிர் நாட்டுக்காரருக்கு அது இருந்தாலும் பரவாயில்லை, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இங்கே அதற்குக் கூடுதலாகக் காசு கொடுக்கலாம். லித்தியத்துக்கு மட்டும் இந்தக் குறைப்பு வேண்டாம்.

பற்றரிக்கு விடும் தண்ணீர் கிணற்றுத் தண்ணீராக இருக்கலாமா?

கூடவே கூடாது. யாழ்ப்பாணக் கிணறு சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருகிற தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது பற்றரித் தகட்டிலும் படியும். தீவுப் பக்கத்துக் கிணறுகளில் உப்பும் சேர்ந்திருக்கும். கடையில் விற்கும் பற்றரித் தண்ணீரை மட்டும் விடுங்கள், சார்ஜ் ஏறி முடிந்த பிறகு விடுங்கள்.

கனடாவில் இருக்கிற மச்சான் நல்ல சார்ஜர் ஒன்று அனுப்பியிருக்கிறார். அப்படியே செருகலாமா அண்ணை?

பொறுங்கள் தம்பி. முதலில் பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதை வாசியுங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேட்ஸ். எங்களுடையது 230 வோல்ற், 50 ஹேட்ஸ். “100–240” என்று போட்டிருந்தால் பிரச்சினை இல்லை, பிளக்கை மட்டும் மாற்றினால் சரி. “120” அல்லது “110–120” என்று மட்டும் இருந்தால், செருகிய கணத்தில் புகைந்துவிடும். படகில் பொருத்தும் சார்ஜர் செய்கிற வட அமெரிக்க நிறுவனங்களின் சரக்கில் 120 வோல்ற்றுக்கு மட்டும் செய்தவை நிறைய உண்டு. ஒரே பெயரில், ஒரே நிறத்தில், இரண்டு வோல்ற்றுக்கும் தனித்தனி மாதிரி வரும். மச்சான் அங்கே கடைக்குப் போகும்போதே வட்ஸ்அப்பில் அந்தத் தாளின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

230-ஐ 110 ஆக்குகிற ட்ரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாம்தான். வீட்டுக்குள் மட்டும். அதைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

லண்டனிலிருந்து வந்தால் வோல்ற்றும் சரி, சதுரக் கால் 13 அம்பியர் பிளக்கும் எங்கள் புதிய சொக்கற்றுகளில் அப்படியே போகும், உள்ளே பியூஸும் இருக்கும். பிரான்ஸ், ஜேர்மனியிலிருந்து வருபவை வோல்ற்றில் சரி. ஆனால் அந்த உருண்டைக் கால் பிளக்கை எங்கள் பழைய சொக்கற்றில் தள்ளிச் செருகினால் எர்த் தொடாது. வெட்டிவிட்டு 13 அம்பியர் பிளக் பூட்டுங்கள்: மண்ணிறம் உயிர்க் கம்பி, நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த்.

எந்த நிறுவனத்தின் சார்ஜரைப் பார்க்கலாம்?

நெதர்லாந்தின் விக்ட்ரான், காற்றாடி இல்லாத ஐபி 67 வரிசை ஒன்றைச் செய்கிறது. அமெரிக்காவின் நோக்கோ, படகில் பொருத்தவென்றே ஐபி 68 சார்ஜர்கள் செய்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று பற்றரிகளுக்குத் தனித்தனி வெளியீடு உள்ளவை கிடைக்கும். சுவீடனின் சிடெக் படகுகளுக்குச் செய்பவை ஐபி 65. வாடிக்கும் வீட்டுக்கும் அவை பொருந்தும். பெயரில்லாச் சரக்கிலும் ஒழுங்கானவை இருக்கக்கூடும். ஆனால் ஐபி 67 என்று அச்சடிப்பதற்கு யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதை நினைவில் வைத்திருங்கள். கையில் தூக்கிப் பாருங்கள். பிசின் வார்த்த சார்ஜர் கனமாக இருக்கும். மூடியின் ஓரத்தில் சாதாரண ஸ்குரூ நான்கும், கழற்றினால் வெறும் பலகையும் இருந்தால் அந்த ஐபி 67-ஐ நம்பாதீர்கள்.

மாலையில் எங்கள் பக்கம் கரண்ட் மங்குகிறது. சார்ஜர் தாங்குமா?

நல்ல 230 வோல்ற் மாதிரிகளில் 180 முதல் 265 வரை என்று அச்சிட்டவை உண்டு. அப்படியானதைப் பாருங்கள். நெடுந்தீவு, எழுவைதீவு, அனலைதீவுப் பக்கத்தில் மின்சாரம் பெருநிலக் கம்பியில் வருவதில்லை, அங்கேயே பிறப்பிக்கிறார்கள். அங்கே சார்ஜ் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எஞ்சினுக்கு ஒன்று, மற்றதுகளுக்கு ஒன்று என இரண்டு பற்றரி இருக்கிறது. ஒரு சார்ஜர் போதுமா?

இரண்டு வெளியீடுள்ள ஒன்று போதும். ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பற்றரியைப் பார்த்து ஏற்றுகிறதா என்று மட்டும் கேளுங்கள். பெட்டியில் “10 அம்பியர்” என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள்; உள்ளே அது 5-உம் 5-உம் ஆக இருக்கும். 100 அம்பியர்-மணி பற்றரிக்கு 5 காணாது.

இரண்டு பற்றரியையும் வயரால் சேர்த்துக் கட்டி ஒரே வெளியீட்டில் ஏற்றுவதைத் தவிருங்கள். இரவு லைற்றும் கருவியும் இரண்டையும் சேர்த்து இறக்கிவிடும், விடிய எஞ்சின் எடுக்காது. கையால் இழுத்து எடுக்கும் எஞ்சின் என்றால் தப்பலாம்.

படகில் எங்கே, எப்படிப் பொருத்துவது?

நிமிர்ந்த சுவரில், செட்டைகள் மேல் கீழாக நிற்கும்படி. அப்போதுதான் சூடான காற்று மேலே போகும். அடியில் தேங்கும் தண்ணீர் தொடாத உயரம். பற்றரிக்கு நேர் மேலே வைக்க வேண்டாம். ஏறும்போது வெளிவரும் ஐதரசன் மேலே எழும்பும், அதோடு வரும் அமில ஆவி உலோகத்தைத் தின்னும். ஐதரசன் காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஆகவே பற்றரிப் பெட்டிக்கு மேல்பக்கத்தில் காற்றுப் போக வழி வேண்டும்.

நீர் புகாத சார்ஜரை இன்னொரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இறுக்கி மூடி வைக்கிறவர்கள் உண்டு. பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். சூடு போக வழியில்லாமல் சார்ஜர் தானே தன் அம்பியரைக் குறைத்துக்கொள்ளும். பத்து அம்பியருக்குக் காசு கொடுத்து அதில் பாதியைத்தான் பெறுவீர்கள். நல்ல நிழலும் காற்றும் கொடுங்கள், அது போதும்.

ஸ்குரூ 316 தர ஸ்ரெயின்லெஸ். பைபரில் நேரே முறுக்காமல் பின்னால் ஒரு பலகை வையுங்கள். அலையில் குதிக்கிற வள்ளத்தில் பைபரில் மட்டும் பிடித்த ஸ்குரூ கழன்று வரும்.

பற்றரி தூரத்தில் இருக்கிறது. சார்ஜர் வயரை நீட்டலாமா?

230 வோல்ற் பக்கத்தை நீட்டுங்கள், 12 வோல்ற் பக்கத்தை நீட்டாதீர்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் ஐந்து மீற்றர் தூரம் என்றால் போக ஐந்து, வர ஐந்து, மொத்தம் பத்து மீற்றர். 10 அம்பியர் ஓடும்போது ஏறத்தாழ முக்கால் வோல்ற் வயரிலேயே தொலைந்துபோகும். சார்ஜர் 14.4 என்று நினைத்துக்கொண்டிருக்கும், பற்றரிக்குக் கிடைப்பது 13.7. பச்சை லைற் சீக்கிரமே எரியும், பற்றரி நிறைந்திருக்காது. வேறு வழியே இல்லையென்றால் 10 சதுர மில்லிமீற்றர் வயர் போடுங்கள், இழப்பு 0.2-க்குள் வரும். வயர் வெள்ளீயம் பூசியதாக இருக்கட்டும். வெறும் செம்பு, தோலுக்குள்ளேயே ஒரு முழம் வரை கறுத்துக்கொண்டு போகும்.

நேர் வயரில், பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். 10 அம்பியர் சார்ஜருக்கு 15 அம்பியர் பியூஸ். வாங்கும் சார்ஜரின் வயரிலேயே பியூஸ் இருந்தால் இன்னொன்று வேண்டாம்.

வள்ளம் தண்ணீரில் நிற்கும்போதே கரையிலிருந்து கரண்ட் இழுத்துச் சார்ஜ் போடலாமா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இது உயிர் விசயம்.

12 வோல்ற் ஆளைக் கொல்லாது. சார்ஜரின் மறுபக்கத்தில் இருக்கும் 230, இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நிற்கிற ஆளைக் கொல்லும். வீட்டிலிருந்து இரண்டு மூன்று துண்டு வயரை ஒட்டி, ஒட்டின இடத்தில் பிளாஸ்ரர் சுற்றி, மணலுக்கு மேலே இழுத்து வள்ளத்துக்குள் போடுவதைக் கரைகளில் காணலாம். சார்ஜர் ஐபி 68 ஆக இருந்தால் என்ன, ஒட்டின இடம் ஈரத்தில் கிடக்கிறது. வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடித் திரிகிற கரை அது.

பற்றரியைக் கழற்றக்கூடிய வள்ளம் என்றால் கழற்றிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். கழற்ற முடியாத படகு என்றால் இவை எல்லாம் வேண்டும்: 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுந்து கரண்டை நிறுத்துகிற ட்றிப் சுவிச், ஒழுங்கான எர்த், நடுவில் ஒட்டில்லாத ஒரே நீளமான றப்பர் வயர், தண்ணீர் தாங்கும் பிளக்கும் சொக்கற்றும். முதலில் படகுப் பக்கத்தைச் செருகி, பிறகுதான் கரைப் பக்கத்தைச் செருக வேண்டும். கழற்றும்போது கரைப் பக்கம் முதலில். ட்றிப் சுவிச்சில் சோதிக்கும் பொத்தான் ஒன்று இருக்கும்; மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். அழுத்தியும் விழாத சுவிச் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

சார்ஜர் கரண்டிலிருந்து எடுப்பது பெரிய அளவு இல்லை. 15 அம்பியர் சார்ஜருக்கு 230 பக்கத்தில் ஒரு அம்பியர்தான். எனவே சிறிய ஜெனரேற்றரிலும் ஓடும்.

நாள் முழுக்கச் செருகியே வைக்கலாமா?

தானியங்கியாக இருந்தால் பற்றரிக்கு ஒன்றும் ஆகாது. படகுக்கு ஆகலாம். கரையின் எர்த் கம்பி வழியாக உங்கள் எஞ்சினின் அலுமினியக் காலும், பக்கத்துப் படகின் உலோகமும், துறைமுகத்து இரும்பும் கடலுக்குள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. அதில் மெலிவது அலுமினியம். எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்கிற சிறிய வள்ளக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. உள் எஞ்சின் படகுகளில், மற்ற உலோகத்துக்குப் பதிலாகக் கரையவென்று பூட்டும் துத்தநாகக் கட்டி வழமையைவிட வேகமாகக் கரைகிறதா என்று பாருங்கள். கரைந்தால் எர்த்தை வெட்டாதீர்கள், அது ஆபத்து. இந்த அரிப்பு மின்னோட்டத்தைத் தடுக்கும் கல்வானிக் ஐசோலேற்றர் என்ற கருவியை எர்த் கம்பியில் பூட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவு வெயில் இருக்கும்போது சோலார் போட்டால் சார்ஜரே தேவையில்லையே?

பகலில் வெயிலில் நிற்கும் படகுக்கு அது அருமையான யோசனை. 100 வற் தகடு நடுப்பகலில் 5 அம்பியர் அளவில் கொடுக்கும். முன்பு சொன்ன 27 அம்பியர்-மணியை ஒரு நல்ல வெயில் நாளில் ஏறத்தாழத் திருப்பித் தந்துவிடும். தகட்டுக்கும் பற்றரிக்கும் நடுவில், ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர் கட்டாயம். 2022-இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் போனபோது சோலார் வைத்திருந்தவர்கள் அதன் அருமையை அறிந்திருப்பார்கள்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியிருக்கும் நாட்களில் அதை மட்டும் நம்ப முடியாது. சோலாரும் வேண்டும், கரையில் ஒரு சார்ஜரும் வேண்டும்.

எஞ்சினே சார்ஜ் பண்ணாதா?

ஸ்ராட்டர் உள்ளவை பண்ணும், ஓடும்போது மட்டும், அதுவும் கொஞ்சமாக. கையால் இழுக்கும் எஞ்சின்கள் பலவற்றில் லைற் எரிக்கும் சுருள் மட்டும் இருக்கும். அதை நேரே பற்றரியில் தொடுக்க முடியாது, ஏசி கரண்டை டிசி ஆக்கும் றெக்ரிபயர் வேண்டும்.

வாடைக் காலத்தில் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டால் பற்றரியை என்ன செய்வது?

முழுக்க ஏற்றி, வயர்களைக் கழற்றி, வீட்டில் நிழலில் வையுங்கள். மாதம் ஒருமுறை மல்ரிமீற்றர் பிடித்துப் பாருங்கள். சில மணி நேரம் சும்மா இருந்த ஈயப் பற்றரியில் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12.4-க்கு வந்ததும் திரும்ப ஏற்றிவிடுங்கள். லித்தியம் என்றால் பாதியளவு நிறைத்து வைப்பது நல்லது.

சீமெந்துத் தரையில் வைத்தால் பற்றரி இறங்கிவிடும் என்கிறார்களே?

இப்போதைய பிளாஸ்ரிக் உடல் பற்றரிகள் அப்படி இறங்காது.

சார்ஜரைக் கடலுக்குள் தவறவிட்டு எடுத்தேன். திரும்பப் பாவிக்கலாமா?

ஐபி 67, 68 என்றால் பெட்டி பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எங்கும் செருக வேண்டாம். நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். வயர் உள்ளே போகும் இடத்தையும், செட்டைகளுக்கு இடையையும். பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது பூட்டுங்கள். வெட்டிய இடத்தில் கம்பி பளபளப்பாக இல்லாவிட்டால் பளபளப்பு வரும்வரை இன்னும் வெட்டுங்கள். 12 வோல்ற் பக்கத்து வளையங்களையும் மாற்றி, அழுத்தி, மேலே பசையுள்ள சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். இரண்டு நாள் காயவிட்டு, ட்றிப் சுவிச் உள்ள சொக்கற்றில் கரையிலேயே சோதியுங்கள். சுவிச் விழுந்தால் அந்தச் சார்ஜரின் கதை முடிந்தது.

சார்ஜரோடு பற்றரியும் மூழ்கியிருந்தால் அதிகக் கவனம் வேண்டும். தண்ணீர் விடும் பற்றரிக்குள் கடல் தண்ணீர் போனால் குளோரின் வாயு வரும். மூக்கில் நெடி ஏறும், கண் எரியும். அதை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். வெளியே காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்து, பழைய பற்றரி எடுக்கிற கடையில் கடல் தண்ணீர் போனது என்று சொல்லியே கொடுங்கள்.